துணிக்கு மேலே பறந்தது எது?

அன்று அந்தி நேரத்தில் என் மகனுடைய துணிக்கு மேலே பறந்தது தேன்சிட்டா, அந்துப்பூச்சியா?

எனக்கு இன்னும் விடை தெரியாது. அன்று ஐந்து மாதக் குழந்தையாக இருந்தவன் இப்போது பள்ளிக்கூடம் போய்ப் பலப்பத்தைத் தின்றுவிட்டு வருகிறான். யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன்கூடப் போய்விட்டான். இந்த ஒரு விஷயம் மட்டும் தீரவில்லை.

திண்டிவனத்தில் எட்டாம் வகுப்புவரை படித்து, இயற்கைப் பாடத்தில் முதல் மார்க் வாங்கியவளுக்குப் பறவைக்கும் பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். தொல்லையே அங்கேதான் ஆரம்பித்தது.

விழுப்புரம் ரயிலடிக்குப் பின்னால் எங்கள் வீடு. என் கணவர் கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. வீட்டில் நாங்கள் இருவர், நான் அத்தை என்று கூப்பிடும் அவருடைய அம்மா, தாய்வீட்டிலிருந்து நான் தூக்கி வந்த பிள்ளை. கொல்லையில் முருங்கை மரத்துக்கும் கிணற்றுத் தூணுக்கும் நடுவே ஒரு கொடி. அதன் கீழே யாரும் வைக்காமல் தானாக முளைத்த அந்திமந்தாரை.

அன்று பிள்ளையின் துணிகள் பொழுது சாய்ந்தும் கொடியில் கிடந்தன. காட்பாடி வண்டி வரவில்லை, அதனால் நானும் கொல்லைக்குப் போகவில்லை. ரயிலுக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று பிறகு சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும்.

கடைசியில் துணியை எடுக்கப் போனபோது, கட்டைவிரல் பருமனில் பழுப்பாக ஏதோ ஒன்று விர்ரென்று வந்தது. துணிகளுக்கு மேலே பறந்தது. அந்திமந்தாரைக்கு முன்னால் ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. போய்விட்டது.

முறத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்த அத்தை எழுந்தே விட்டார்.

"ஐயோ, பட்சி போயிடிச்சே! புள்ள துணி மேலயே போயிடிச்சே!"

"பட்சி இல்லீங்க அத்தை. அது பூச்சி."

"ஆமா, எனக்குக் கண்ணு அவிஞ்சிப் போச்சு. பூச்சியாம் பூச்சி. அதான் புள்ள இப்பிடி எளச்சிக்கினே போவுது!"

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சைப்பிள்ளையின் துணி அந்திக்குப் பிறகு வெளியில் கிடக்கக்கூடாது. அதன்மேல் பறவை பறந்தால் பட்சி தோஷம். பிள்ளை நாளுக்கு நாள் மெலிந்து போகும்.

பிள்ளை மெலிந்துகொண்டுதான் இருந்தான். அதில் எங்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை. தொடையில் இருந்த மடிப்புகள் காணாமல் போயிருந்தன. இடுப்பில் கட்டிய அரைஞாண் கயிறு வழுக்கி முழங்காலுக்கு வந்தது. நான் மேலே ஏற்றிவிடுவேன். மறுபடியும் வழுக்கும்.

இது பத்து நாளாக நடக்கிறதே, பறவை இன்றுதானே பறந்தது என்று நான் கேட்டேன். "இன்னிக்கு நீ பாத்த. பத்து நாளா பாக்கல" என்றார் அத்தை.

ஆபீஸ் தீர்ப்பு

நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மந்திரிக்கிற கன்னியம்மாவைக் கூப்பிடலாம் என்றார் அத்தை. என் கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் இரண்டையும் கேட்டார். அவர் நியாயமான மனிதர். அவருடைய நியாயத்தால் இந்த வீட்டில் ஒரு காரியமும் நடந்ததில்லை.

"மொதல்ல அது பட்சியா பூச்சியான்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணுங்க. பட்சின்னா கன்னியம்மா. பூச்சின்னா ஆஸ்பத்திரி. எதுன்னு தெரியாம எங்க போறது?" என்றார்.

கூட்ஸ் ஆபீசில் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டாமல் வண்டியில் ஏற்றமாட்டார்கள். பிள்ளைக்கும் சீட்டு ஒட்டவேண்டியதாயிற்று.

அப்போதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் தெருவில் இறங்கியிருக்கலாம். இதைப் பிற்பாடு ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் அன்று எனக்கு வேறு ஒரு ஆசை வந்துவிட்டது. நான் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்கும் ஆசை. முதல் மார்க் வாங்கியவர்களுக்கு மட்டும் வரும் ஒரு வியாதி இது. இதற்கு வேப்பிலையும் கிடையாது, மாத்திரையும் கிடையாது.

புட்டிக்குள் ஒரு சாட்சி

மறுநாள் அந்தியில் ஒரு காலி நார்த்தங்காய் ஊறுகாய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு செடியின் அருகே உட்கார்ந்தேன். பிள்ளை உள்ளே தூளியில் அழுதுகொண்டிருந்தான். பூச்சி வந்தது. இரண்டு முறை தப்பியது. மூன்றாம் முறை புட்டிக்குள் விழுந்தது.

அதை அத்தைக்கு முன்னால் வைத்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தேன். தேன்சிட்டும் கட்டைவிரல் அளவு, இதுவும் கட்டைவிரல் அளவு, அதுவரையில் சரி. ஆனால் சிட்டுக்கு இரண்டு கால், இதற்கு ஆறு. சிட்டுக்கு வளைந்த அலகு. இதற்கு அலகே கிடையாது, கடிகாரச் சுருள் போலச் சுருட்டி வைத்த ஒரு நாக்கு, பூவைக் கண்டால் நீளும். சிட்டு காம்பில் உட்கார்ந்து, சமயத்தில் தலைகீழாகத் தொங்கிக்கூடத் தேன் குடிக்கும். இது உட்காராது. ரயில் ஊதுவதற்குள் பிளாட்பாரத்தில் நின்றபடி காபியை ஊற்றிக்கொள்கிற பிரயாணி மாதிரி அந்தரத்திலேயே குடித்துவிட்டு ஓடும். சிட்டு வாயால் கத்தும். இதற்குச் சத்தமெல்லாம் இறக்கையில். சிட்டுக்கு இறகு, இதற்கு வெறும் தூள், தொட்டால் விரலில் ஒட்டும்.

"பின்னாடி வால் விரிஞ்சி இருக்குது பாரு" என்றார் அத்தை.

"அது வால் இல்லீங்க. மயிர்க்கத்தை. அதனாலதான் பாக்கறவங்க ஏமாந்து போறாங்க."

"ரெக்க இருக்குதா?"

"இருக்குது."

"பறக்குதா?"

"பறக்குது."

"அப்பறம் இன்னா?"

நான் விடவில்லை. பொழுது சாய்ந்தால் தேன்சிட்டு கூட்டுக்குப் போய்விடும், அந்நேரத்தில் பறப்பது பூச்சிதான் என்றேன். அதற்கு அத்தை கேட்ட கேள்வியை எந்தக் கோர்ட்டிலும் நிற்க வைக்கலாம்.

"டீச்சரம்மா, நீ புட்டியில புடிச்சது இன்னிக்கு வந்தது. நேத்து வந்ததும் இதுதான்னு இதும் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்குதா?"

அவர் வயதில் பாதிக்குமேல் மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்தே கழிந்தது. கையெழுத்துப் போடத் தெரியாது. படித்திருந்தால் வக்கீலாகியிருப்பார். என்னைப் போன்றவர்கள் அவரிடம் குமாஸ்தாவாக இருந்திருப்போம்.

என் கணவர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ரெண்டு பேர் சொல்றதுலயும் நாயம் இருக்குது" என்றார். பூச்சி நார்த்தங்காய் வாசனையில் மறுநாள் காலை செத்துப்போனது. கண்ணாடியெல்லாம் அதன் தூள்.

பச்சை அட்டைப் புத்தகம்

இப்போது ரயில் கதை.

திண்டிவனத்தில் பிள்ளை பெற்றபோது, குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு அம்மாள் வந்து பேசினார். தேய்க்காத புடவை ஒன்றுகூட அந்த அம்மாளிடம் இருந்திருக்காது. படித்த தாய்மார்களுக்கு மட்டும் பச்சை அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். நான் படித்தவள். எனக்குக் கிடைத்தது.

அதில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் பால் என்று இருந்தது. இடையில் அழுதால் கொடுக்கக்கூடாது. கண்டபடி கொடுத்தால் பிள்ளைக்கு ஒழுங்கு வராது, வயிறு கெடும். அழுகை நெஞ்சுக்கு நல்ல பயிற்சி. ஐந்து மாதப் பிள்ளை ஒழுங்கில்லாமல் போய்விட்டால் குடும்பத்துக்கு என்ன பெயர் வரும்? நான் பயந்தேன்.

திண்டிவனத்தில் என் அப்பா வீட்டில் சுவர்க்கடிகாரம் இருந்தது. விழுப்புரத்தில் கடிகாரம் கிடையாது. என் கணவரின் கைக்கடிகாரம் அவரோடு ஆபீசுக்குப் போய்விடும். ஆனால் ஜங்ஷனுக்குப் பின்னால் குடியிருப்பவளுக்குக் கடிகாரம் எதற்கு? காலை ஆறுக்குப் பாண்டிச்சேரி வண்டி. பத்துக்குத் தெற்கேயிருந்து ஒன்று. இரண்டுக்கு மெட்ராஸ் பாசஞ்சர். மாலை ஆறுக்குக் காட்பாடி வண்டி. ஊதல் கேட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுப்பேன். மாலையில் அது முடிந்த பிறகுதான் துணி எடுக்கக் கொல்லைக்குப் போவேன். இந்த யோசனை தோன்றிய அன்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு பட்டாளத்து வண்டிகள் ராவும் பகலும் போக ஆரம்பித்தன. பாசஞ்சர் வண்டிகளை ஓரம் கட்டினார்கள். இரண்டு மணி வண்டி மூன்றுக்கு வந்தது, நாலுக்கு வந்தது, சில நாள் வரவே இல்லை.

நானும் காத்திருந்தேன். நேரம் ஆகியிருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆகியிருந்தால் ஊதியிருக்குமே என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

"புள்ள கத்துதே, பால் குடுத்தியா?" என்று அத்தை வெளியிலிருந்து கேட்பார்.

"இப்பத்தாங்க அத்தை குடிச்சான்" என்பேன்.

இந்தப் பொய்யை எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது. அத்தைக்குப் புத்தகத்தை விளக்க முடியாது என்றுதான் அந்தப் பொய். தமது மகனுக்கு வரப்பில் உட்கார்ந்து, அழுதபோதெல்லாம் பால் கொடுத்தவர் அவர். அதைக் கேட்டால் புத்தகம் முகம் சுளித்திருக்கும்.

"யாரு வர்றாங்க?"

பூச்சி செத்த அன்று காலை பிள்ளை அழவில்லை.

புத்தகத்தின்படி இது நல்ல அறிகுறி. ஒழுங்கு வந்துவிட்டது. அரைஞாண் கயிற்றை ஏற்றிவிட்டேன். கையை எடுப்பதற்குள் வழுக்கியது. பிள்ளை என்னைப் பார்த்தான். அழுவதற்கு வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக என் கணவர் ஆபீசிலிருந்து வரவேண்டும். கன்னியம்மா மூன்று வீடு தள்ளி இருந்தார்.

"அத்தை, அது பட்சியாவே இருக்கட்டும். அவங்களக் கூப்புடுங்க" என்றேன்.

கன்னியம்மா மேல்மலையனூர்ப் பக்கத்து மனுஷி. வாய் நிறைய வெற்றிலை. வந்ததும் பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அத்தையை வேப்பிலை பறித்து வர அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரவிக்கை நனஞ்சி கெடக்குது. புள்ள வாய் காஞ்சி கெடக்குது. எதுக்கும்மா வச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்கிற?"

உண்மை தானாக வந்துவிட்டது.

"இன்னும் வண்டி வரலைங்க."

கன்னியம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"வண்டியா? வண்டியில யாரு வர்றாங்க?"

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே புத்தகம், ரயில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே என் மாராப்பை விலக்கி, பிள்ளையை என் கையில் சரியாக வைத்தார். "குடு" என்றார். அவ்வளவுதான். பிள்ளை முதலில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். பிறகு குடித்தான்.

அத்தை வேப்பிலையோடு வந்தார். கன்னியம்மா எழுந்து, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"பட்சிதான்! சின்னப் பட்சி இல்ல, பெருசு. மூணு நாளைக்குப் புள்ளைய மடிய வுட்டு எறக்கக்கூடாது. அழுவுற சத்தம் அதும் காதுல வுழுந்துதோ, திரும்பி வந்துடும். மூக்க சுருக்குனாலே மார்ல வச்சிடணும். ராவு பகல் பாக்கக்கூடாது. வேற வேல எதுவும் குடுக்காதீங்க இவளுக்கு."

வேப்பிலையால் மூன்று தடவை தடவினார். கறுப்புக் கயிற்றில் வசம்பைக் கோத்துக் கட்டினார். போகும்போது என்னைப் பார்க்கவே இல்லை.

முதல் மார்க் வாங்கிய எனக்கு, வேப்பங்கொத்தைக் கையில் பிடித்தபடி அவர் வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார். அதையும் என் மானம் போகாமல் சொன்னார். புத்தகத்தில் இப்படி ஒரு பக்கம் இல்லை.

கொடியின் கோடியில்

மூன்று நாளும் பின்கட்டு வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை கேப்பைக் கூழைக் கரைத்து என் கையில் கொடுத்தார். குடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். இரண்டாம் நாள் மெட்ராஸ் பாசஞ்சர் நாலு மணிக்குமேல் ஊதிக்கொண்டு வந்தபோது பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தான். அந்த ஊதல் அடங்கும்வரை அவன் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அரைஞாண் கயிறு இடுப்பில் நின்றது.

அன்றுதான் கொடியை நிமிர்ந்து பார்த்தேன். முருங்கைப் பக்கத்து முனையில் ஒரு குப்பைக் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. சிலந்தி நூல், சருகு, மரப்பட்டைத் துகள், ஏதோ புழுவின் எச்சம்கூட. காற்றில் வந்து மாட்டிய குப்பை என்றுதான் பல நாளாக நினைத்திருந்தேன். குப்பையின் பக்கவாட்டில் ஒரு துளை இருந்தது. துளையிலிருந்து ஒரு வளைந்த அலகு என்னைப் பார்த்தது.

தேன்சிட்டு.

கூட்டிலிருந்து ஒன்றரை முழம் தள்ளித்தான் தினமும் பிள்ளையின் துணியைக் காயப்போட்டிருக்கிறேன். பொழுது சாய்ந்தால் சிட்டு கூட்டுக்குப் போய்விடும் என்று அத்தையிடம் ஒப்பித்தேனே, அந்தக் கூடு இங்கேதான் இருந்திருக்கிறது. அந்திக்குள் வீடு திரும்ப அது துணிக்கு மேலே பறக்காமல் வேறு எப்படி வரும்? ஆனால் அன்று அந்தரத்தில் நின்று தேன் குடித்தது? சிட்டும் ஒரு நொடி அப்படி நிற்கும். பெண் சிட்டு முதுகில் பழுப்புத்தான். நார்த்தங்காய்ப் புட்டியில் நான் கொன்றது யாரை, எதற்காக?

இன்னொரு வித்தியாசமும் அப்போது நினைவுக்கு வந்தது. அந்துப்பூச்சி முட்டையை ஓர் இலையில் ஒட்டிவிட்டுப் போய்விடும், திரும்பிப் பார்க்காது. சிட்டு கூட்டிலேயே கிடக்கும். தாய்மாரில் இந்த இரண்டு வகைதான் பாடத்தில் இருந்தது. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் காத்திருக்கும் மூன்றாவது வகையை யாரும் எழுதவில்லை.

நான் பார்த்த இடத்தை அத்தையும் பார்த்துவிட்டார்.

"தோ! இங்கதான் குடியிருந்துக்கினு இருக்குது பாவி! நான் சொன்னனா இல்லியா?"

துணி தள்ளுகிற கழியால் ஒரு தட்டு. கூடு விழுந்தது. உள்ளே இரண்டு முட்டை இருந்தன, மல்லாட்டைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரியவை. இரண்டும் உடைந்தன.

நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் அந்தச் சிட்டு கொடியின் முனைக்கு வந்து வந்து போனது. கூடு இருந்த இடத்தில் சிறகடித்து நின்றது. அந்தரத்தில்தான் நின்றது, பூச்சி நிற்கிற மாதிரியே. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு கார்டு போதும்

அதற்குப் பிறகு எங்கள் கொல்லையில் எத்தனை முறை தேன்சிட்டு கூடு கட்டியதோ அத்தனை முறையும் அத்தை தட்டிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. பேரனைக் கொல்லப் பார்த்த பறவை என்று மனதார நம்புகிறார். "என்னைய ஒரு பட்சி அடிச்சிது தெரியுமா?" என்று என் மகன் பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொள்கிறான். என் கணவர் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்கிறார். கன்னியம்மா போன வருஷம் காலமாகிவிட்டார், என் ரகசியத்தை ஒருவரிடமும் சொல்லாமலே.

இப்போது என் மடியில் நாலு மாதப் பெண்குழந்தை. மூக்கைச் சுருக்கினாலே பால். தொடையில் மூன்று மடிப்பு. "பட்சி கண்ணுல படாம வளக்கறேன் பாரு" என்று அத்தை எல்லாரிடமும் சொல்கிறார்.

பத்து நாளாக அத்தை திருவாமாத்தூரில் தங்கை வீட்டில் இருக்கிறார். கொடியின் அதே முனையில் மறுபடியும் ஒரு கூடு. நேற்று ஸ்டூல் போட்டு எட்டிப் பார்த்தேன். இரண்டு முட்டை. அத்தை வருகிற வெள்ளிக்குப் பிறகு எந்த நாளும் வந்துவிடுவார். வந்ததும் கழியைத் தேடுவார்.

கழியை ஒளித்து வைக்கலாம். வேறு கழி கிடைக்கும். இது பூச்சிக்கூடு என்று சொல்லலாம். என் பூச்சி சாஸ்திரத்துக்கு இந்த வீட்டில் என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். மிச்சம் இருப்பது உண்மைதான். 'பட்சி இல்லீங்க அத்தை, உங்க பேரனைப் பட்டினி போட்டது நான், உங்ககிட்ட பொய் சொன்னதும் நான்.' காகிதத்தில் சுலபமாக வந்துவிட்டது.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டு ருக்மணி இந்த இதழில் நான் எழுதும் தொடரை வாராவாரம் அவருக்கு வாசித்துக் காட்டுகிறாள். அவர்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் படித்து முடித்து இதழ் அவள் கைக்கு வர ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரம்தான் எனக்கு இருக்கிறது. ருக்மணி வாயால் கேட்பதற்குமுன் நானே சொல்லிவிட வேண்டும். அவ்வளவு தூரம் முடிவு செய்துவிட்டேன். முதல் வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

மாமியாரிடம் இப்படி ஒன்றை ஒப்புக்கொண்ட சகோதரிகள் யாராவது இருந்தால் எழுதுங்கள். காலையில் சொல்வதா, சாப்பிட்டபிறகா? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொல்வதா, அவர் மடியில் கொடுத்துவிட்டுச் சொல்வதா? நீளமாக வேண்டாம். ஒரு கார்டு போதும். இதழ் கைக்கு வந்த அன்றே எழுதிவிடுங்கள். தபால் வண்டியும் இப்போதெல்லாம் நேரத்துக்கு வருவதில்லை.